மேற்கு பார்த்த கராஜுக்கு எந்தக் கதவு? ஹூஸ்டன் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் ஒரு கணக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரிகிற மாதிரி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் புதிதாக வீடு வாங்கியிருக்கிறீர்கள். இரண்டு கார் நிற்கும் கராஜ், மேற்கு பார்த்தது, 16 அடிக்கு 7 அடியில் ஒரே கதவு. இப்போது இருப்பது வெறும் தகரக் கதவு, அதுவும் நசுங்கியது. கடைக்காரர் இரண்டு கதவு காட்டியிருக்கிறார். வெப்பத்தைத் தடுக்கும் அளவில் ஒன்று ஆர் 9, இன்னொன்று ஆர் 18. நடுவே எண்ணூறு டாலர் வித்தியாசம். கராஜில் டிரெட்மில் போட ஆசை. அரிசி மூட்டையும் இரண்டாவது ஃபிரிட்ஜும் ஏற்கெனவே அங்கேதான். கராஜுக்கு மேலே இருக்கும் அறை, ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் தங்குவதற்கு. மதியம் மூன்று மணிக்கு மேல் அதில் கால் வைக்க முடியவில்லை. "ஆர் 18 போட்டா எல்லாம் சரியாயிடுமா அண்ணா?" என்பது கேள்வி.

ஆகாது. அந்த எண்ணூறு டாலரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வேறு இடத்தில் வேலை இருக்கிறது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த ஊரில் வீடுகளுக்கு ஏ.சி. லோடு கணக்குப் போடுவதுதான் பதினேழு வருடமாக எனக்குச் சோறு போடுகிறது, அதனால் எண்கள் இல்லாமல் பேச வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆர் மதிப்பு என்பது வெப்பம் உள்ளே வருவதை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு. எண் இரட்டிப்பானால் உள்ளே வரும் வெப்பம் பாதியாகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எதில் பாதி என்பதைப் பார்க்க வேண்டும். உங்கள் கதவின் பரப்பு 112 சதுர அடி. ஆகஸ்ட் மாதம் சாயங்காலம் ஐந்து மணிக்கு, மேற்கு வெயில் நேரே அடிக்கும்போது, கரும்பழுப்புக் கதவின் வெளிப்பக்கம் 145 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும். கராஜுக்குள் காற்று 95 என்று வையுங்கள். வித்தியாசம் 50. வெறும் தகரக் கதவுக்கு, ஒட்டியிருக்கும் காற்றுப்படலத்தையும் சேர்த்து, ஆர் மதிப்பு சுமார் 1 என்று கொண்டு, பரப்பை வித்தியாசத்தால் பெருக்கி ஆரால் வகுத்தால், மணிக்கு 5,600 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் உள்ளே இறங்குகிறது. ஒரு டன் ஏ.சி. என்பது மணிக்கு 12,000 பிடியூவை வெளியேற்றுவது. ஏறக்குறைய அரை டன் ஏ.சி. செய்யும் வேலையை உங்கள் கதவு தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறது.

இப்போது ஆர் 6 கதவு போட்டால் அந்த 5,600 என்பது 930 ஆகிறது. ஆர் 9 போட்டால் 620. ஆர் 18 போட்டால் 310. கவனியுங்கள்: முதல் படியில் 4,600 பிடியூவுக்கு மேல் மிச்சம். 9 இலிருந்து 18க்குப் போகும் படியில் மிச்சம் வெறும் 310. நீங்கள் டிரெட்மில்லில் மூச்சு வாங்க ஓடினால் உங்கள் உடம்பிலிருந்தே மணிக்கு 1,500 பிடியூவுக்குக் குறையாமல் வெளியேறும். எண்ணூறு டாலர் கொடுத்து நீங்கள் வாங்கப் போவது, நீங்கள் பன்னிரண்டு நிமிடம் ஓடாமல் இருந்தால் கிடைக்கும் மிச்சத்தைத்தான்.

அதுவும் அந்த 18 உண்மையிலேயே 18 ஆக இருந்தால்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கதவுக்குள் அடைக்கும் நுரை இரண்டு வகை. ஒன்று பாலிஸ்டைரீன். டிவி வாங்கினால் பெட்டிக்குள் வெள்ளையாக வருமே, நாம் தெர்மகோல் என்போமே, அது. அங்குலத்துக்குச் சுமார் ஆர் 4 தரும். இன்னொன்று பாலியூரித்தேன், தகடுகளுக்கு நடுவே திரவமாக ஊற்றினால் பொங்கி நிறைந்து இறுகிவிடும். அது அங்குலத்துக்கு 6 முதல் 7 வரை தரும். சந்தையில் ஆர் 18 என்று விற்கும் கதவுகள் பெரும்பாலும் 2 அங்குலத் தடிமன். இரண்டை ஏழால் பெருக்கினால் 14தான் வருகிறது. மீதி நாலு எங்கிருந்து வந்தது? கடைக்காரரிடம் சிரித்துக்கொண்டே கேளுங்கள், கோபப்பட வேண்டாம், அவருக்கும் தெரிந்திருக்காது. அச்சில் இருக்கும் எண் பலகையின் நடுப்பகுதிக்கு மட்டும் போட்ட கணக்கு. ஓரத்தில் தகடு மடிந்து உள்ளும் வெளியும் இரும்பு இரும்பைத் தொடும் இடம், நாலு பலகைகள் சேரும் மூட்டுகள், சுற்றியிருக்கும் இடுக்கு, கண்ணாடி வைத்திருந்தால் அந்தக் கண்ணாடி, இவை எதுவும் அதில் சேராது. எல்லாவற்றையும் சேர்த்து, மாட்டிய கதவாகச் சோதித்தால் எண் பாதியாகக்கூட இறங்கிவிடும்.

முழுக் கதவையும் சோதிக்கும் முறை ஒன்று இருக்கிறது. டாஸ்மா 105 என்று பெயர். (நம்மூர் டாஸ்மாக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, இது அமெரிக்காவில் கதவு தயாரிப்பவர்களின் சங்கம்.) அந்தச் சோதனையில் யூ மதிப்பும், எவ்வளவு காற்று கசிகிறது என்பதும் வரும். யூ என்பது ஆரின் தலைகீழ். எண் சிறியதாக இருந்தால் நல்லது. "இந்த மாடலுக்கு மாட்டிய நிலையில் யூ மதிப்பு என்ன?" என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் தருபவரிடம் வாங்குங்கள். ஆர் எண்ணையே திரும்பத் திரும்பச் சொல்பவரிடம் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் தெர்மகோல் கதவே போதுமா என்று கேட்பீர்கள். வெப்பக் கணக்குக்குப் போதும். ஆனாலும் நான் பாலியூரித்தேனைத்தான் சொல்வேன், 2 அங்குலம் வேண்டாம், ஒன்றே கால், ஒன்றரை அங்குலம் போதும். காரணம் வெப்பம் இல்லை. ஊற்றி இறுகிய நுரை இரண்டு பக்கத் தகட்டையும் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. கதவு விறைப்பாக நிற்கும், பந்து பட்டால் நசுங்காது, ஏறி இறங்கும்போது தகரச் சத்தம் வராது. மேலே வயதானவர்கள் தூங்கும் அறை என்கிறீர்கள், காலை ஆறு மணிக்கு நீங்கள் வேலைக்குக் கிளம்பும்போது இது பெரிய விஷயம். தெர்மகோல் பலகை தகடுகளுக்கு நடுவே சும்மா செருகி நிற்பது. நாளாக நாளாக ஆடும், இடுக்கில் ஈரம் தங்கும். எதுவானாலும் உள்பக்கமும் தகடு வைத்த மூன்றடுக்குக் கதவாக இருக்கட்டும். உள்பக்கம் நுரை வெறுமனே தெரிகிற இரண்டடுக்குக் கதவு, பிள்ளைகள் சைக்கிள் விடும் கராஜில் ஒரு வருடம் தாங்காது.

நிறத்துக்கு வருகிறேன். மேற்கு பார்த்த வீட்டுக்கு நுரையைவிட இதுதான் முக்கியம், யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் இதற்குக் கூடுதல் காசு கிடையாது. அதே வெயிலில், அதே நேரத்தில், வெள்ளைக் கதவின் வெளிப்பக்கம் 115 டிகிரி பக்கம்தான் நிற்கும். எங்கள் தெருவில் எதிரெதிர் வீடுகள் இல்லாமல் பக்கத்துப் பக்கத்து வீடுகளிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். வெப்பமானித் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய், கறுப்புக் கதவில் ஒரு முறை, வெள்ளைக் கதவில் ஒரு முறை அழுத்தினால் முப்பது டிகிரி வித்தியாசம். மேலே போட்ட கணக்கில் 50 என்ற வித்தியாசம் 20 ஆகிவிடுகிறது. அதாவது வெள்ளை நிறத்தில் ஆர் 9 கதவு, கரும்பழுப்பு நிறத்தில் ஆர் 18 கதவைவிடக் குறைவான வெப்பத்தையே உள்ளே விடும்.

கரிய நிறத்தில் இன்னொரு வம்பும் உண்டு. இன்சுலேஷன் நன்றாக இருக்க இருக்க வெளித்தகட்டுச் சூடு உள்தகட்டுக்குப் போகாது. வெளித்தகடு விரியும், உள்தகடு விரியாது. 16 அடி நீளப் பலகை வெளிப்பக்கமாக லேசாக வில் மாதிரி வளையும். சாயங்காலம் கதவு உரசிக்கொண்டு ஏறுகிறது, காலையில் சரியாக இருக்கிறது என்று சிலர் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். அவர் வரும்போது காலை பத்து மணி, எல்லாம் சரியாக இருக்கும்! ஆகவே நல்ல கதவு வாங்கக் காசு செலவழிப்பவர்கள்தான் வெளிர் நிறத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உங்கள் குடியிருப்பில் எச்ஓஏ, அதாவது வீட்டு உரிமையாளர் சங்கம், உண்டு என்று நினைக்கிறேன். கதவுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் நிறத்துக்கு அனுமதி வாங்கிவிடுங்கள். வெள்ளை கிடைக்காவிட்டால் வெளிர் மணல் நிறம் கேளுங்கள்.

அடுத்தது இடுக்கு. உங்கள் கதவின் சுற்றளவு 46 அடி. சுற்றிலும் ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால் கூட்டிப் பார்த்தால் 69 சதுர அங்குலம். அதாவது சுவரில் எட்டு அங்குலத்துக்கு எட்டு அங்குலம் ஒரு ஓட்டை போட்டுத் திறந்தே வைத்திருப்பதற்குச் சமம். பகல் பன்னிரண்டு மணிக்குக் கராஜுக்குள் போய்க் கதவை இறக்கி, விளக்கை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் கண் பழகும் வரை நில்லுங்கள். எங்கெல்லாம் வெளிச்சக் கோடு தெரிகிறதோ அங்கெல்லாம் காற்றும் கரப்பானும் வருகிறது. பெரும்பாலும் கீழ் மூலை இரண்டிலும் முக்கோணமாக வெளிச்சம் தெரியும். கீழ் ரப்பர் பட்டை காய்ந்து வெடித்திருக்கும், அல்லது தரை நடுவே தாழ்ந்திருக்கும். இந்த ஊர்க் களிமண்ணில் தரை அசைவது சகஜம். புதுக் கதவோடு பட்டையும் புதிதாக வரும், ஆனால் தரை அதே தரைதான். தரையில் ஒட்டுகிற ரப்பர் வரம்பு ஒன்று தனியாகக் கிடைக்கும், அதையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். மழை நீர் காற்றோடு அடித்து வரும்போதும் அது தடுக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் பாலைவன ஊரான ஃபீனிக்ஸில் இருப்பவருக்கும் பொருந்தும். ஹூஸ்டன் வேறு. இங்கே வெயிலோடு புழுக்கமும் சேர்ந்தது, சென்னையில் மே மாதம் கடல் காற்று வராத நாள் எப்படி இருக்குமோ அப்படி. இன்சுலேஷன் கதவு விற்பவர்கள் தொடாமல் விடும் இடம் இதுதான்.

வானிலைச் செய்தியில் டியூ பாயின்ட் என்று ஒரு எண் சொல்வார்கள், காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதன் ஈரம் நீராகத் துளிர்க்கும் என்பது அது. காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதை ஈரப்பத சதவீதத்தைவிட நேர்மையாகச் சொல்லும் எண் அதுதான். கோடையில் இங்கே அது 75 ஃபாரன்ஹீட் சுற்றியே நிற்கும், மெக்சிகோ வளைகுடா பக்கத்தில் இருப்பதால் இரவிலும் இறங்காது. அந்தக் காற்று உங்கள் கராஜில் 95 டிகிரியில் இருந்தால் ஈரப்பதம் 53 சதவீதம். புதுக் கதவு போட்டீர்கள், கராஜ் பத்து டிகிரி குறைந்து 85 ஆனது என்று வையுங்கள். ஈரத்தின் அளவு அதேதான், காற்று மட்டும் குளிர்ந்தது. ஈரப்பதம் 72 சதவீதமாக ஏறிவிடும். 80 டிகிரிக்கு இறக்கினால் 85 சதவீதம். 70, 75க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கல்யாணம்தான். டிரெட்மில்லின் திருகாணி துருப்பிடிக்கும், அட்டைப்பெட்டி தொட்டால் பிசுபிசுக்கும், ஊரிலிருந்து கொண்டுவந்த தோல் செருப்பில் வெள்ளை படியும்.

ஆக, கதவுக்கு இன்சுலேஷன் போட்டுவிட்டு ஈரத்தை எடுக்க வழி செய்யாமல் விட்டால், வெப்பமான கராஜுக்குப் பதில் ஊசிப்போன கராஜ் கிடைக்கும். நான் பார்த்த வரையில் "கதவு மாத்தினதுக்கப்புறம்தான் வாசனை வருது" என்று புகார் சொல்பவர்கள் பலர், அவர்கள் சொல்வது கற்பனை இல்லை. மழையில் நனைந்த கார் உள்ளே வருகிறது, அதன் மேலிருந்து வடியும் தண்ணீர் எல்லாம் உள்ளேயே ஆவியாகிறது. முன்பு இடுக்கு வழியாகப் போய்க்கொண்டிருந்தது, இப்போது போக வழியில்லை.

இதற்கு இரண்டே வழி. கராஜைக் குளிர்விக்கப் போகிறீர்களா, இல்லையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். குளிர்விப்பதில்லை என்றால் கதவை வெளிர் நிறமாக, நடுத்தர இன்சுலேஷனோடு போட்டுவிட்டு, காற்றின் ஈரத்தை இழுக்கும் ஒரு டீஹியூமிடிஃபையர் வாங்கி அதன் தண்ணீரைக் குழாய் வழியே வெளியே விடுங்கள். அது தானும் கொஞ்சம் சூட்டைக் கக்கும், தெரிந்தே வாங்குங்கள். குளிர்விப்பது என்றால் தனியாக ஒரு மினி ஸ்ப்ளிட், அதாவது சுவரில் மாட்டும் சின்ன ஏ.சி. அது ஈரத்தையும் சேர்த்தே இழுத்துவிடும். அப்போது இடுக்குகளை அடைப்பது கதவின் நுரையைவிட அதிக முக்கியம். ஏனென்றால் குளிர்ந்த உள்பக்கத்தில் வெளியிலிருந்து கசியும் காற்று பட்டால், ஐஸ் போட்ட சொம்பு மேல் முத்து முத்தாக நிற்பது போல் கீல்களிலும் கதவு ஓடும் தண்டவாளத்திலும் தண்ணீர் நிற்கும்.

வீட்டு ஏ.சி. குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்துக் கராஜுக்கு விட்டுவிடலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் காதில் வாங்காதீர்கள். குடியிருக்கும் அறைகளுக்குக் காற்று தரும் இயந்திரம் கராஜுக்குக் காற்று தரவோ அங்கிருந்து இழுக்கவோ கூடாது என்று கட்டட விதியே சொல்கிறது. கார்ப் புகையும் பெட்ரோல் ஆவியும் படுக்கையறைக்கு வந்துவிடும்.

பிப்ரவரி, மார்ச்சில் இன்னொன்று பார்ப்பீர்கள், பார்த்தால் பயந்துவிடாதீர்கள். நாலு நாள் குளிர் அடித்துவிட்டுத் திடீரென்று வளைகுடாவிலிருந்து வெதுவெதுப்பான காற்று வரும். அன்று காலை கராஜ் தரை முழுக்க யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவிய மாதிரி நனைந்திருக்கும். குழாய் உடையவில்லை. கான்கிரீட் இன்னும் குளிர்ந்திருக்கிறது, அதில் ஈரக்காற்று பட்டு வியர்க்கிறது. முதல் வருடம் நான் அதைத் துடைத்துவிட்டு, மறுபடியும் நனைந்ததும் பிளம்பரைக் கூப்பிட்டவன். அந்த மாதிரி நாளில் கதவைத் திறந்து வைத்தால் இன்னும் மோசம். மூடிவிட்டு மின்விசிறி ஓட விடுங்கள், தரை சூடேறியதும் தானாகக் காய்ந்துவிடும்.

மேல் அறைக்கு வருவோம். அது ஏன் கொதிக்கிறது என்பதற்குக் கதவு ஒரு காரணம், பெரிய காரணம் இல்லை. அந்த அறையின் தரைக்கும் கராஜின் ஷீட்ராக் (ஜிப்சம் பலகை) கூரைக்கும் நடுவே கட்டைகள் ஓடுகின்றன. அங்கே கட்டியவர்கள் இன்சுலேஷன் பஞ்சைக் கூரைமேல் போட்டு விட்டிருப்பார்கள். பஞ்சுக்கும் மேல் அறையின் தரைப்பலகைக்கும் நடுவே நாலைந்து அங்குலம் வெற்றிடம். அந்த வெற்றிடத்தின் முனை அட்டிக்கை (வீட்டுக் கூரைக்கு அடியில் உள்ள பரணை)ப் பார்த்துத் திறந்திருந்தால், அட்டிக்கின் 130, 140 டிகிரிக் காற்று தரைக்கு அடியில் உலாவும். பஞ்சு இருந்தும் இல்லாத கணக்கு. அறையின் பக்கச் சுவர்களும் அப்படித்தான். தாழ்வாகச் சரிந்த கூரைக்குப் பின்னால் அட்டிக் இருக்கிறதா பாருங்கள், அந்தக் குட்டைச் சுவரின் பின்புறம் பெரும்பாலும் பஞ்சு தொங்கிக்கொண்டிருக்கும். அந்த எண்ணூறு டாலரை இங்கே போடுங்கள். வெப்பக் காமிராவோடு வருகிற ஆளை ஒருமுறை கூப்பிட்டுச் சாயங்காலம் நாலு மணிக்குக் காட்டச் சொன்னால், எந்தக் கட்டைக்கு நடுவே ஓட்டை என்று படத்திலேயே தெரிந்துவிடும். அதன் முனைகளை அடைத்து, பஞ்சு தரைப்பலகையைத் தொடும்படி நிறைத்தால், அம்மா அப்பா வரும்போது தரையில் பாய் விரித்துப் படுக்கலாம்.

காற்றுக்கும் புயலுக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஹூஸ்டனில் கதவு பற்றிப் பேச முடியாது. வீட்டிலேயே மிகப் பெரிய ஓட்டையும் மிக மெலிந்த சுவரும் கராஜ் கதவுதான். 1992இல் ஃபுளோரிடாவில் ஆண்ட்ரூ புயல் அடித்தபோது பல வீடுகளில் முதலில் போனது அதுதான். கதவு உள்ளே விழுந்ததும் காற்று உள்ளே புகுந்து பலூன் மாதிரி ஊதி, மேலே இழுக்கும் காற்றோடு சேர்ந்து கூரையைத் தூக்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஃபுளோரிடாவின் கட்டட விதிகள் இறுகின. டெக்சஸில் கடலோரம் உள்ள 14 கவுண்டிகளிலும் (நம்மூர் மாவட்டம் மாதிரி), ஹாரிஸ் கவுண்டியில் 146ஆம் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே உள்ள சில பகுதிகளிலும் மாநிலச் சங்கம் தரும் புயல் காப்பீடு வேண்டுமென்றால், கட்டுமானம் காற்றைத் தாங்கும் என்று காட்டும் டபிள்யூபிஐ 8 என்ற சான்றிதழ் வேண்டும், கதவு மாற்றினாலும் அந்தக் கணக்கில் வரும். கேட்டி அந்த எல்லைக்குள் இல்லை. இருந்தாலும் 2024 மே 16 அன்று ஹூஸ்டனில் அடித்த காற்று கடலிலிருந்து வரும் புயலே இல்லை, டெரெச்சோ, அதாவது இடிமழையோடு நேராக வீசும் கடுங்காற்று. டவுன்டவுன் கட்டடங்களின் கண்ணாடியையே உதிர்த்தது. ஜூலை 8 அன்று பெரில் புயல் வந்தது, இருபது லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. ஆகவே காற்றழுத்தம் தாங்கும் அளவு அச்சிட்ட கதவாக வாங்குங்கள். உள்ளே தள்ளும் அழுத்தம், வெளியே இழுக்கும் அழுத்தம் இரண்டுக்கும் எண் இருக்கும். 16 அடிக் கதவில் உள்பக்கம் குறுக்கே இரும்புச் சட்டங்கள் வரும், அவற்றை "அழகாக இல்லை" என்று குறைக்கச் சொல்லாதீர்கள். ஆர் 9க்கும் 18க்கும் நடுவே யோசிப்பதைவிட, காற்றுக்குத் தாங்கும் கதவா இல்லையா என்பதில் யோசிப்பதே நல்லது.

பெரில் பேச்சு வந்ததால் ஒன்று. மின்சாரம் போனபோது மழைக்கு ஒதுக்காக ஜெனரேட்டரைக் கராஜில் வைத்து ஓட்டி, கார்பன் மோனாக்சைடில் உயிர் போனவர்கள் இந்த ஊரில் உண்டு. கதவைப் பாதி திறந்து வைத்தாலும் போதாது. நன்றாக அடைத்த கராஜில் ஆபத்து இன்னும் அதிகம். ஜெனரேட்டர் எப்போதும் வெளியே, வீட்டிலிருந்து தள்ளி.

பழைய கதவிலேயே நுரைப் பலகையோ வெள்ளிக் காகிதமோ ஒட்டிவிடலாமே என்று யூடியூபில் பார்த்திருப்பீர்கள். என் முதல் வீட்டில் அதைத்தான் செய்தேன், அந்தக் கதையையும் கேளுங்கள். ஒரு சனிக்கிழமை முழுக்க வியர்க்க வியர்க்க வெட்டி ஒட்டினேன். சூடு குறைந்தது உண்மை. ஆனால் கதவு கனத்துவிட்டது. கதவைத் தூக்குவது மேலே இருக்கும் மோட்டார் என்று நினைக்கிறோம். இல்லை, தூக்குவது ஸ்பிரிங். கதவின் எடைக்கு ஏற்ற முறுக்கு அதில் இருந்தால் மோட்டார் சும்மா வழிகாட்டும், அவ்வளவுதான். நான் கூட்டிய சில கிலோவை மோட்டார் தனியாகச் சுமந்தது. நாலாவது மாதம் உள்ளே இருந்த பிளாஸ்டிக் பற்சக்கரம் மாவாகிப் போனது. கழற்றினால் வெள்ளைத் தூள், ரவை மாதிரி.

இதைச் சோதிக்க எளிய வழி: கதவை இறக்கி வைத்து, மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துவிடுங்கள். கதவைக் கையால் இடுப்பளவு தூக்கி, மெதுவாக விட்டுப் பாருங்கள். அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரி. கீழே இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்தது, மேலே ஓடினால் முறுக்கு அதிகம். புதுக் கதவு மாட்டிய அன்று, ஆள் கிளம்புவதற்கு முன்னால், அவர் முன்னாலேயே இதைச் செய்யுங்கள். பழைய ஸ்பிரிங்கையே வைத்துவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். இன்சுலேஷன் கதவுக்குப் புது ஸ்பிரிங், அதன் எடைக்குக் கணக்குப் போட்ட ஸ்பிரிங் வேண்டும். சாதாரணமானது பத்தாயிரம் முறை ஏறி இறங்கத் தாங்கும். நாளுக்கு ஆறு முறை என்றால் நாலரை வருடம்தான். இருபதாயிரம் தாங்குவதைக் கேட்டு வாங்குங்கள். அதை நீங்களே முறுக்க மட்டும் போகாதீர்கள், அதில் விரல் போனவர்கள் உண்டு.

டிரெட்மில் போடும் முன் இன்னொரு பழக்கம். ஹைவேயில் வந்த காரை உடனே உள்ளே விடாமல் அரை மணி நேரம் டிரைவ்வேயில் நிறுத்திவிட்டுப் பிறகு உள்ளே கொண்டுபோங்கள். அந்த எஞ்சின் கக்கும் சூட்டுக்கு முன்னால் மேலே நாம் போட்ட 310 பிடியூ ஒன்றுமே இல்லை.

கடைசியாக அரிசி மூட்டை. கதவு எதுவானாலும், கராஜைக் குளிர்வித்தாலும், அதை உள்ளே எடுத்துவிடுங்கள். 85 டிகிரியும் 70 சதவீத ஈரமும் நமக்குத்தான் தொல்லை, அரிசி வண்டுக்கு அது பொங்கல். சமையலறையில் இடமில்லை என்றால் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியைப் பாருங்கள். எங்கள் வீட்டில் இருபது கிலோ சோனா மசூரி வருடக்கணக்காக அங்கேதான், வாக்குவம் கிளீனருக்குப் பக்கத்தில்.